மலைக்குச் சேர வேண்டிய முடி

வெங்கு,

அடுத்த வாரம் பேரப்பிள்ளை மதுவுக்கு மொட்டை போடத் திருப்பதி மலைக்குப் போவதாக இருந்தோமே, அதை நிறுத்திவிட்டேன். உன் மச்சானுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும் என்று நான் படுத்திய பாட்டில் லீவெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தான் பாவம், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். படித்ததும் பதறாதே. அம்மாவுக்குக் கோபம், பயணம் வேண்டாம் என்கிறாள் என்று நீயாக ஒன்று நினைத்துக்கொண்டு ஹேமாவிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். உன் அப்பன் புத்தி அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது நான் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு பிடி எடுத்து உரித்துக்கொண்டே, பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, ஹேமாவையும் மதுவையும் கூட்டிக்கொண்டு வருடக் கணக்கில் நாடு நாடாகச் சுற்றப்போவதைத் திரும்ப ஒருமுறை சொன்னாய். அலிபிரியில் சம்பந்தி வீட்டில் நடந்த ரகளையையும் சொன்னாய். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்னத்துக்கு ஆகும், கண்ட தண்ணி குடித்து, கண்ட பாஷை பேசி நாசமாய்ப் போகும் என்று சம்பந்தியம்மா அழுதாராமே. அதற்குப் பிறகு நீ கேட்டாய் பார் ஒரு கேள்வி. "நானும் அப்பிடி வளந்தவன்தானேம்மா. எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல. நீ தல சீவும்போது வலிச்சது மட்டுந்தான் நெனப்புல கீது. நான் அங்க நல்லா இருந்தேனா? நீ வாணாம்னு சொல்லிட்டா நாங்க போவல." கையில் இருந்த கடலை அப்படியே நின்றுவிட்டது எனக்கு. உன் நைனா கட்டிலில் படுத்தபடியே, "அவள இன்னாத்துக்குடா கேக்கற, அவ எதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்லிக்கினு கீறா" என்றார். நானும் "காபி ஆறுது, குடிடா" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

உனக்கு நினைவில்லாததை முதலில் இருந்து சொல்கிறேன். நீ பிறந்த வருஷம் நம் ஊரில் கிணறெல்லாம் வற்றிப்போய், ஆயிரம் அடி போர் போட்டாலும் வெறும் புகைமாதிரி மண்தூள்தான் வந்துகொண்டிருந்தது. உன் நைனா போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். எவன் நிலத்துக்குப் போனாலும் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, "கோவிந்தா" என்று சொல்லித்தான் மிஷினைத் திருப்புவார். தூள் வந்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். தண்ணீர் வராத வயலுக்காரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சாப்பிடாமல் படுப்பார். அந்தக் காலம் எல்லாரும் எங்கேயோ கிளம்பிய காலம். கடப்பா பக்கத்துப் பெண்கள் குவைத்துக்குப் போனார்கள், சித்தூரில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். எங்கள் ரிக் முதலாளி என்ன செய்தான், வண்டியையே கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினான். அங்கே போர் போட ஆளில்லையாம். உன் நைனாவைக் கூப்பிட்டான்.

டிரில்லர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் விடவில்லை. காரணம் உன் தலைமுடி. நமக்கு முதல் முடி மலைக்குத்தான். அதுவரை கத்தி, கத்தரி எதுவும் படக் கூடாது. தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரும் சேர்ந்து ஏறித்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில். உன் ஒரு வயதில் பங்காளி வீட்டில் சாவு, வருஷம் திரும்புகிற வரை மலை ஏறக் கூடாதென்று நின்றுபோனது. மூன்றுக்குக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் இந்த மனுஷன் பெட்டி கட்டுகிறார். "நீ ஒரு தேசம், நாங்க ஒரு தேசம் இருந்தா சாமிக்கு எப்பிடிய்யா குடுக்கறது? கேம்ப்புல ஆம்பளைங்களுக்கு ஆர் சோறு பொங்கறாங்க? நான் பொங்கறேன், கூட்டிக்கினு போ" என்றேன். முதலாளி முதலில் சிரித்தான். பிறகு மிளகுத்தூள் போட்ட ரசத்தை நினைத்துக்கொண்டானோ என்னவோ, ஒத்துக்கொண்டான். இப்படித்தான் தோள்வரை முடியோடு, ரிப்பன் கட்டிக்கொண்டு, நீ தான்சானியா போய் இறங்கினாய்.

அங்கே போன புதிதில் நான் பயந்தது கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் நீ பயந்ததை நான் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. ஒன்றைச் சொல்கிறேன் கேள். வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நீ கம்ப்ரசர் லாரியில் எனக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். திடீரென்று டிரைவர் பிரேக் போட்டான். பாதையில் ஒட்டகச்சிவிங்கிகள். ஒன்று இல்லை, ஒரு கூட்டம். குட்டிகளும் உண்டு. அவசரமே இல்லாமல், கழுத்தை ஆட்டிக்கொண்டு, லாரி என்ற ஒன்று அங்கே நிற்பதையே கண்டுகொள்ளாமல் போயின. நீ சீட்டின்மேல் ஏறி நின்றாய். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, தொண்டை கிழிய "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தினாய். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை வெங்கு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமி வீதி உலா போகிறபோது கும்பிடத் தெரியாத வயது உனக்கு. எதைக் கும்பிட வேண்டும் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பிறகுதான் விளங்கியது. அங்கே மண் வேறு. நூறு அடி, நூற்றைம்பது அடியிலேயே தண்ணீர் பீறிட்டு, ரிக்கின் உச்சிக்குமேல் எழும்பி, ஊர்மேல் மழையாகக் கொட்டும். உன் நைனா சேறும் தண்ணியுமாக நின்றுகொண்டு "கோவிந்தா!" என்பார். காத தூரம் குடம் சுமந்து செத்துக்கொண்டிருந்த பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். வயதான கிழவர்கள் சட்டையோடு அந்தத் தண்ணீரில் நிற்பார்கள். நீ அவர்கள் பிள்ளைகளோடு அம்மணமாகக் குதித்துக்கொண்டிருப்பாய். நம் ஊரில் தலை தொங்கிய மனுஷன் அங்கே நிமிர்ந்து நின்றதைப் பார்த்தவள் நான். பெரியதாக ஏதோ ஒன்று கண்முன் வந்தால் சொல்ல வேண்டிய வார்த்தை கோவிந்தா என்று நீயாகவே கற்றுக்கொண்டுவிட்டாய். நீ மட்டுமா? நாங்கள் போர் போட்டுவிட்டுக் கிளம்புகிற ஊர்களில் எல்லாம் பிள்ளைகள் லாரி பின்னாலேயே ஓடி வந்து "கோவிந்தா! கோவிந்தா!" என்று கையசைக்கும். உன் நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார். "தூசுடி" என்பார்.

உனக்கு நினைவிருக்கிற அந்த வலிக்கு வருகிறேன். அது நிஜம்தான். புழுதிக் காட்டில் உன் முடி சிக்கு விழுந்து கயிறாகக் கிடக்கும். என் அம்மா எனக்கு எப்படிச் சீவினாளோ அப்படியே, உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பு இழுப்பேன். நீ ஊரைக் கூட்டுவாய். கேம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற நேமா என்று ஒரு பெண் இருந்தாள். நல்ல உயரம், முதுகில் குழந்தை கட்டியிருப்பாள். ஒருநாள் உன் சத்தம் பொறுக்காமல் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பாஷையில் என்னை வைத தினுசு இருக்கிறதே, அர்த்தம் தெரியாமலே எனக்கு வெட்கமாகிவிட்டது. உன்னைத் தன் முட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டு, முடியின் நுனியைப் பிடித்து, நுனிச் சிக்கை எடுத்து, பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் கொஞ்சம் மேலே என்று வந்தாள். "போலே போலே, போலே போலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மெதுவாக, மெதுவாக என்று அதற்கு அர்த்தமாம். வேருக்கு வந்து சேரும்போது நீ அவள் மடியில் தூங்கிப் போயிருந்தாய். தலை முழுக்க வரப்பு வெட்டினமாதிரி வரிசை வரிசையாகப் பின்னல் போட்டு விட்டாள். அதற்குப் பிறகு அங்கே இருந்த நாள் முழுக்க உனக்கு அவள்தான் தலை பின்னினாள். நீ அவள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு சீப்போடு உட்கார்ந்திருப்பாய். வலி நினைவில் நிற்கிறது வெங்கு. மடியில் தூங்கினது எப்படி நினைவிருக்கும்? அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். நீ கேட்டதும் சரியான ஆளைத்தான்.

அங்கிருந்து மலாவிக்குப் போகும்போது எல்லையில் ஒரு கூத்து. பாஸ்போர்ட்டில் பையன் என்று போட்டிருக்கிறது, எதிரே நிற்பது தலை நிறையப் பின்னலோடு ஒரு பெண்பிள்ளை. பிள்ளை கடத்துகிறவர்கள் என்று நினைத்துவிட்டார்களோ என்று எனக்குப் பயம். உன் நைனாவின் இங்கிலீஷ் "டிரில்லிங், வாட்டர்" என்பதைத் தாண்டாது. மேஜைக்குப் பின்னால் ஒரு குண்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான்தான் முன்னால் போய், உன் முடியைத் தொட்டு, மேலே கையைக் காட்டி, "காட், மவுண்டன், பிராமிஸ்" என்றேன். பத்தாவது வரை படித்ததற்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னையே பார்த்தார். "கடவுளுக்குக் கொடுக்க வேண்டியதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்?" என்றார். பிறந்ததிலிருந்து என்றேன். முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, "உங்கள் கடவுள் பொறுமைக்காரர். ஆனால் ரொம்பச் சோதிக்காதே" என்று உன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். திருமலை எங்கே, அந்த அம்மாள் எங்கே? ஒரு வேண்டுதல் என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மலாவியில் ஒரு ஏரி. ஏரி என்றால் நம் ஊரில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். அதற்கோ அக்கரையே இல்லை. அலை அடிக்கிறது. நீ ஓடிப்போய் வாயில் அள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்லமா, மொத்தமும் குடிக்கற தண்ணி!" என்று கத்தினாய். உன் நைனா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் தேடிப் பூமியைத் துளைத்த மனுஷன். மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இதுல ஒரு குடம் நம்ம கங்காதர நெல்லூருக்குக் கொண்டு போவ முடிஞ்சா" என்றார்.

ஐந்து வயதில் மலைக்கு வர நினைத்தோம், ஒப்பந்தம் நீண்டது, அங்கிருந்து ஜாம்பியா. அங்கேதான் அந்த ஆசை வந்தது. கேம்ப்பையே பார்த்துக்கொள்ளச் சொல்லி, குடும்பத்தோடு தங்கிவிடு, வீடு தருகிறேன் என்றான் முதலாளி. எங்களோடு வந்தவர்களில் சில பேர் அப்படித் தங்கியும்விட்டார்கள். உன் நைனாவுக்கு மனசு ஆடியது. எனக்குந்தான், பொய் சொல்வானேன். ஊருக்குத் திரும்பினால் திரும்ப அந்த மண்தூள்தானே? நல்ல பகல் வேளையில் வாசலில் உன்னை உட்கார வைத்து, நேமா சொல்லிக் கொடுத்தபடி நுனியிலிருந்து சீவிக்கொண்டே இதைப் பேசிக்கொண்டிருந்தோம். முடி உன் இடுப்பைத் தாண்டி என் மடியில் கிடந்தது. உன் நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்மது இல்லடி. மலைக்குச் சேர வேண்டியது. கொண்டு போய்ச் சேக்கணும்" என்றார். உன் ஏழாம் வயது முடிவதற்குள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டோம்.

கல்யாண கட்டாவில் மொட்டை போடுகிறவர் உன் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்து, "எந்த்த பெத்த ஜுட்டு!" என்று, எவ்வளவு பெரிய முடி என்று, பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். நீ அசையாமல் உட்கார்ந்திருந்தாய். தரையில் விழுந்த முடியைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. அத்தனை ஊர்ப் புழுதியும், அந்தத் தண்ணீர் எல்லாமும், நேமாவின் விரலும் அதில்தானே இருந்தது? தலையில் சந்தனம் பூசி உன்னைக் கியூவில் தூக்கிக்கொண்டு நின்றோம். முன்னாலும் பின்னாலும் மொட்டைத் தலைகள். தெலுங்கு, தமிழ், கன்னடம், மராட்டி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பாஷைகள். திடீரென்று கதவு திறந்து வரிசை நகர்ந்ததும் மொத்தக் கூட்டமும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று இரைந்தது. நீ உன் நைனா கழுத்தைக் கட்டிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாய். "நைனா, எங்க? எங்க வந்துச்சி தண்ணி?" என்று கேட்டாய்.

உன் நைனா அங்கேயே விம்மி அழுதார். தூசு என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த மலை அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அத்தனை முறை கோவிந்தா போட்டிருக்கிறேன். ஒருமுறையாவது, எதைப் பார்த்து இத்தனை ஜனம் இப்படிக் கூவுகிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறேனா? உலகம் சுற்றி வந்த நீதான் என்னை எட்டிப் பார்க்க வைத்தாய்.

நல்லா இருந்தேனா என்று கேட்டாயே. இதைவிடவா ஒரு பிள்ளை நல்லா இருக்க முடியும்? கஷ்டம் வந்ததெல்லாம் திரும்பி வந்த பிறகுதான். சித்தூரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி நீ சொன்னால் பையன்கள் "கோதலு கோஸ்துன்னாடு" என்று, அளக்கிறான் என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் நீ சொல்வதை விட்டுவிட்டாய். சொல்லாத கதை மறந்துதான் போகும். அந்தப் பாஷையும் போனது. எங்களுக்கும் அரிசி பருப்புக் கவலையில் உட்கார்ந்து கேட்கத் தோன்றவில்லை. ஆகையால் ஒன்று சொல்கிறேன். மது திரும்பி வந்து, பார்த்ததை எல்லாம் சொல்லும். நூறு தரம் சொல்லும். யாரும் கேட்காவிட்டால் என்னிடம் அனுப்பு, நான் கேட்கிறேன்.

திரும்பி வந்து என்று எழுதிவிட்டேன். என் பயம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்துக்காக அழுதார். நான் அழுதால் அதற்காக அழ மாட்டேன். நம் தெருவைப் பார்த்துக்கொண்டுதானே போனாய்? எதிர்வீட்டுப் பையன் இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனான், அவன் அம்மா செத்ததற்கு வீடியோவில் வந்தான். மூலை வீட்டில் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. போகிறவர்கள் யாரும் திரும்பக் கூடாது என்று போவதில்லை. அந்த ஊர் நன்றாக இருக்கிறது, இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம். எனக்குத் தெரியாதா? ஜாம்பியாவில் நானே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. போய்விட்டு வரவே மாட்டீர்களோ என்கிற பயத்தை விழுங்கவும் முடியவில்லை.

மதுவுக்கு ஒரு வயதில் நோய்க்காலம், ஊரே கதவடைத்துக் கிடந்தது. மூன்றில் உன் பெரியப்பா போய்ச் சேர்ந்தார், தீட்டு. இப்போது ஐந்து. இதையாவது விடக் கூடாது, கிளம்புவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். நேற்று சாயந்திரம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது உன் நைனாவிடம் சொன்னேன், "மொட்ட இப்ப வாணாம்யா, வந்து போட்டுக்கட்டும்." மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்கவே இல்லை. "ஏழும் ஒத்தப்படைதான்" என்றார். பிறகு எழுந்து போய் உன் மச்சானுக்கு அவரே நம்பர் போட்டுக் கொடுத்தார்.

ஆகவே போய்வா கண்ணா. சந்தோஷமாகப் போ. பெரியதாக எதைப் பார்த்தாலும் அந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டு, அது வாய்க்கு வந்ததைக் கத்தட்டும், வெட்கப்படாதே. ஹேமாவிடம் சொல், எந்த ஊர்க் குளிரானாலும், பேன் விழுந்தாலும், எவள் என்ன சொன்னாலும் மதுவின் முடியில் கத்தரி படக் கூடாது. அது உங்களுடையது இல்லை. சிக்கு விழுந்தால் கோபப்படாதீர்கள். எண்ணெய் தொட்டுக்கொண்டு நுனியிலிருந்து சீவுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். உச்சியில் வைத்து இழுத்தால் பிள்ளைக்கு வலிக்கும்.

அம்மா